மெஷினுக்குத் தெரிந்த காளீஸ்வரி

மாயக்காளுக்கு வலது கை முழங்கையோடு போய்விட்டது. மீதி உடம்பில் பதினோரு வெட்டு. இத்தனையும் வாங்கிக்கொண்டு, தேனிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியாஸ்பத்திரியில் இரண்டாம் நாள் பகலில் கண்ணைத் திறந்து, "ஒரு வாய் காப்பித்தண்ணி கொண்டா"ன்னு நர்சை அதட்டினாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட உயிர் என்று தவசிக்கு ஆச்சரியமாக இருந்தது. போடிமெட்டு மலையில் இருபது வருஷம் ஜீப் ஓட்டியவன் அவன். செத்தவர்களையும் பார்த்திருக்கிறான், சாக மறுத்தவர்களையும் பார்த்திருக்கிறான்.

"ரெண்டு நிமிஷம்தான்," என்று சொல்லிவிட்டு நர்ஸ் நகர்ந்தாள்.

ரேணுகா கட்டிலருகே குனிந்தாள். ஒரு காலத்தில் போலீசில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவள். மேலதிகாரியோடு மல்லுக்கட்டி வேலையை உதறிவிட்டு, போடி ஜீப் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. தவசி அவளுக்கு டிரைவர், உதவியாளர், சமயத்தில் தலைவலி.

"வெட்டுனவன் மூஞ்சியப் பாத்தியா மாயக்கா?"

"ஹெல்மெட்டுப் போட்ருந்தான். மூடுபனி வேற." மாயக்காளின் உதடு வெடித்திருந்தது. "ஜீப்ப விட்டு எறங்கி நடக்கையில செருப்பு அந்துபோச்சுன்னு நின்னேன். மத்தவளுக முன்னாடி போயிட்டாளுக. பின்னாடி இருந்து கூப்ட்டான்."

"என்னன்னு கூப்ட்டான்?"

"'ஏய் காளீஸ்வரி'ன்னான். சரி, அவளும் பின்னாடி வர்றா போலன்னு திரும்பிப் பாத்தேன். அருவாதான் வந்துச்சு."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்ததும் தவசி துண்டால் முகத்தைத் துடைத்தான். கை இருக்க வேண்டிய இடத்தில் போர்வை சப்பையாகக் கிடந்ததை அவனால் மறக்க முடியவில்லை. மறக்க முடியாததை எல்லாம் கிண்டல் பேசித்தான் கடப்பான். இப்போது கிண்டலும் வாய்க்கு வரவில்லை.

"காளீஸ்வரி பயந்தது சரியாப்போச்சு," என்றாள் ரேணுகா.

காளீஸ்வரி முந்தின நாள் சாயங்காலம் அவர்கள் ஆபீசுக்கு வந்திருந்தாள். பக்கத்துச் சிலமலை ஊர்க்காரி. மாயக்காள் போகும் அதே ஜீப்பில் தினமும் மலையேறி ஏலக்காய் எடுப்பவள். பதினைந்து நாளுக்கு முன்னால் எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர் ராம்பிரசாத் பாறைச் சரிவில் விழுந்து செத்துப்போனார். கால் தவறிவிட்டது என்று ஊர் சொன்னது. ஏலச்செடிக்குள் குனிந்திருந்த காளீஸ்வரி மட்டும், ஒருத்தன் அவரைப் பிடித்துத் தள்ளியதைப் பார்த்திருந்தாள். தள்ளியவன் முகம் அவளுக்குத் தெரியும், பேர் தெரியாது.

ஜீப் ஸ்டாண்டில் பாதுகாப்புக் குழு ஒரு போர்டு வைத்திருக்கிறது. 'தப்பு நடந்தால் சொல்லுங்கள். உங்கள் பெயர் தேவையில்லை.' அதை நம்பி, அந்த நம்பருக்குக் குரல் பதிவு அனுப்பினாள். குழுவில் இருந்த புண்ணியவான் எவனோ அதை அப்படியே நம்பரோடு நாற்பது பேர் இருக்கிற குரூப்பில் தட்டிவிட்டான். நம்பரைப் போட்டால் பேரைக் கக்குகிற ஆப்புதான் இப்போது எல்லார் செல்லிலும் இருக்கிறதே. நாலாம் நாள் மாயக்காள் வெட்டுப்பட்டாள்.

"எம்பேரு மட்டும் வெளிய வரக்கூடாதுக்கா. ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு," என்று காளீஸ்வரி ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வராது என்று ரேணுகா வாக்குக் கொடுத்தாள். வேலைக்குப் போகாமல் நின்றால் கொலைகாரனுக்குச் சந்தேகம் வரும் என்று, இன்றைக்கும் காளீஸ்வரி வழக்கம்போல மலையேறியிருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல மேடம்," என்றான் தவசி. "தேடி வந்தது காளீஸ்வரிய. வெட்டுனது மாயக்காவ. ரெண்டு பேருக்கும் நெறமும் ஒத்துவராது, ஒசரமும் ஒத்துவராது. ஸ்டாண்டுல படுத்திருக்க நாயக் கேட்டாக்கூட எது மாயக்கா, எது காளீஸ்வரின்னு சொல்லிரும்."

"அதுதாண்ணே துப்பு. நாய்க்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரியல. மாயக்காவக் காளீஸ்வரின்னு நம்புற ஆளு போடில யாரு இருக்கா?"

 தவசிக்குச் சுரீர் என்றது.

"ஆளு இல்ல மேடம். மெஷினு!"

ரேணுகாவின் புருவம் உயர்ந்தது. இது அவளுக்குத் தெரியாத கதை. ஜீப்பில் ஏறி இறங்குகிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த கதை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லோடு அதிகமாகி ஒரு ஜீப் எட்டாவது வளைவில் உருண்டது. பின்னால் வந்த ஜீப்பை ஓட்டியவன் தவசிதான். ஒவ்வொருத்தியாக அவன்தான் தூக்கி மேலே கொண்டுவந்தான். அதில் ஒருத்தி யாரென்றே தெரியாமல் ஒன்றரை நாள் பிண அறையில் கிடந்தாள். அன்றோடு மலை ஜீப் ஓட்டுவதை விட்டான். அதன் பிறகுதான் ஏலக்காய் வியாபாரி மகாராஜன் தலைவராகி, பாதுகாப்புக் குழு அமைத்து, முகத்தைப் பார்த்துப் பேரைப் பதிகிற மெஷினை ஸ்டாண்டில் வைத்தார். எந்த ஜீப்பில் யார் ஏறினாள் என்று இனி தெரியும். அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தவசி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். மெஷின் வேண்டாம், எங்கள் முகம் எதற்கு என்று முனகிய பெண்களிடம் சண்டைக்கே போயிருக்கிறான்.

ஆனால் அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி வர முடியாவிட்டால் அவளுக்குப் பதிலாக இன்னொருத்தி ஜீப்பில் ஏறி இடத்தைக் காப்பாள். இடம் காலியாக இருந்தால் மறுநாள் வேறு ஆள் உட்கார்ந்துவிடும்.

"மெஷின் வெச்ச அன்னைக்குக் காளீஸ்வரி வரல, புள்ளைக்குக் காச்சல். அவளவளுக்குக் குறிச்ச நாள்ல பதியலன்னா இடம் கிடையாதுன்னுட்டாங்க. மாயக்கா என்ன பண்ணா, காளீஸ்வரி பேர்ல தம் மூஞ்சியக் காட்டிப்புட்டா. மறுநாள் அன்னக்கொடி வரல, அவ பேர்ல காளீஸ்வரி காட்டுனா. அன்னக்கொடி அதுக்கடுத்த நாளு வேற ஒருத்தி பேர்ல. இப்பிடியே பாதி ஜீப்பு பேரு மாறிக் கெடக்கு. பச்ச லைட்டு எரிஞ்சாச் சரின்னு எவளும் திருத்தல."

ரேணுகா சிரித்துவிட்டாள். அடுத்த நொடியே முகம் இறுகியது. "டாக்டரப் பாத்துட்டு வந்துடறேன். வண்டிய எடுத்து வைங்க."

அவள் போனதும் தவசி செல்லை எடுத்தான். இந்தக் குளறுபடியால் ஒருத்திக்குக் கை போயிருக்கிறது. இன்னும் எத்தனை பேர் வேறொருத்தியின் பேரைச் சுமந்துகொண்டு நடக்கிறார்களோ என்று நினைக்கவே அவனுக்குப் பதறியது. ஸ்டாண்டில் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பாண்டியராஜைக் கூப்பிட்டான்.

"எலே, அந்த ஜீப்புப் பொம்பளைக பேரு பூராவும் மாறிக் கெடக்குல்ல? இன்னைக்கே திருத்து. ஒவ்வொரு மூஞ்சிக்கும் சரியான பேரப் போடு. வெரசாச் செய்யி."

"சரிண்ணே, இப்ப வேற சோலி இல்ல, பாத்துர்றேன்," என்றான் பாண்டியராஜ்.

ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு தவசி வண்டியில் ஏறினான். தேனியைத் தாண்டும்போதுதான் ரேணுகா வாயைத் திறந்தாள்.

"ராம்பிரசாத்தக் கொன்னவன் கிட்ட ஒரு பேரு மட்டும் இருந்துச்சு. மூஞ்சி இல்ல. ஸ்டாண்டுல வந்து 'காளீஸ்வரி யாரு'ன்னு கேட்டா ஊரே திரும்பிப் பாக்கும். அதனால மெஷின்ல தேடிருக்கான். மாயக்கா மூஞ்சி வந்துச்சு. மெஷினத் தெறந்து பாக்கக்கூடிய ஆளு எத்தன பேருண்ணே?"

 "பாண்டியராஜ் இருக்கான்," என்றான் தவசி. போன் பண்ணியதைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆக்சிலேட்டரை மட்டும் மிதித்தான்.

ஸ்டாண்டில் போய் இறங்கியதும் தவசி முந்திக்கொண்டு ஓடினான். மெஷின் அறைக்குள் புகுந்து, நாற்காலியில் இருந்த பாண்டியராஜின் மூக்கில் ஒரே குத்து. நாற்காலியோடு மல்லாந்தவனின் நெஞ்சில் முழங்காலை வைத்தான். ரத்தம் மீசையில் வழிந்தது.

"சொல்லுடா! மாயக்காவ ஏன்டா வெட்டுன?"

"அண்ணே... அய்யோ... நான் ஏண்ணே அவளக் காளீஸ்வரின்னு வெட்டப்போறேன்? அவ மூஞ்சியப் பதிஞ்சதே நாந்தானே! மாயக்கான்னு தெரிஞ்சுதானே காளீஸ்வரி பேர்ல பதிஞ்சேன்!"

தவசியின் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"அவன விடுங்கண்ணே," என்றாள் ரேணுகா. "அவன் சொல்றதுதான் ஞாயம். மெஷின் பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சவன் அத நம்பி வெட்ட மாட்டான். பாண்டியராஜ், ஸ்டாண்டுப் பக்கமே வராம, செல்லுலயே மெஷினப் பாக்குற ஆளு வேற யாரு?"

பாண்டியராஜ் சட்டை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டான். "தலைவர் ஒருத்தர்தான். மகாராஜன் அய்யா. இந்தப் பொம்பளைகள்ல ஒருத்தியக்கூட அவருக்கு நேர்ல தெரியாது. அவளுகளுக்கும் அவரத் தெரியாது."

தவசிக்கு நம்ப முடியவில்லை. கும்பிட வேண்டிய மனுஷன் என்று அவனே சொல்லித் திரிந்தானே. ஆனால் ராம்பிரசாத் செத்த வாரம் ஸ்டாண்டில் அடிபட்ட பேச்சு அவனுக்கு ஞாபகம் வந்தது. மகாராஜன் ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுகிறார், ராம்பிரசாத் சாம்பிள் எடுத்து வைத்திருக்கிறார் என்றார்கள். பொறாமைப் பேச்சு என்று அன்றைக்குத் தள்ளிவிட்டான்.

"வெட்டுப்பட்டது காளீஸ்வரி இல்லன்னு இந்நேரம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றாள் ரேணுகா. "ஆனா மெஷின்ல முந்நூறு மூஞ்சி. எது காளீஸ்வரின்னு கண்டுபிடிக்க வழி இல்ல. அந்தத் தப்புதான் அவளக் காப்பாத்திக்கிட்டு இருக்கு."

"அக்கா..." பாண்டியராஜ் குறுக்கிட்டான். "தவசியண்ணே சொன்னாருன்னு எல்லாப் பேரையும் திருத்திட்டேன். ஒண்ணேகால் இருக்கும். மாத்துன பேரு, போட்டோ எல்லாம் தலைவர் செல்லுக்குத் தானாப் போயிரும்."

ரேணுகா தவசியைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் பாண்டியராஜ் பக்கம் திரும்பினாள்.

"தலைவர் எங்க இப்ப?"

"ஒண்ணரைக்கு இந்த வழியாத்தான் ஜீப்ப எடுத்துட்டு மலைக்குப் போற முந்தல் பக்கம் போனாரு. கை காட்டுனேன், நிக்கல."

மணி இரண்டரை. மூன்று மணிக்குப் பெண்கள் மலையிலிருந்து இறங்க ஆரம்பிப்பார்கள். காளீஸ்வரியின் செல் கிடைக்கவில்லை. மலையில் பாதி இடத்தில் டவர் கிடையாது.

இருபது வருஷத்தில் தவசி அப்படி வண்டி ஓட்டியதில்லை. முந்தல் தாண்டியதும் வளைவுக்கு வளைவு டயர் கத்தியது. ரேணுகா இன்ஸ்பெக்டர் அமுதவள்ளிக்குப் போன் போட்டுக் கத்திச் சொல்லி முடிப்பதற்குள் டவர் போய்விட்டது.

"நாந்தான் மேடம் அவளக் காட்டிக்குடுத்தேன்," என்றான் தவசி.  "பேரு தெரியாமக் கெடந்தாளே ஒருத்தி, அத நெனச்சுத்தான்..."

"ரோட்டப் பாருங்கண்ணே."

பத்தாவது வளைவில் பெரியகருப்பன் ஓட்டும் ஜீப் எதிரே இறங்கி வந்தது. காளீஸ்வரி போகிற ஜீப் அதுதான். தவசி வண்டியைக் குறுக்கே போட்டு மறித்தான். உள்ளே பதின்மூன்று பெண்கள். காளீஸ்வரி இல்லை.

"தலைவர் மேல மறிச்சாருப்பா," என்றான் பெரியகருப்பன். "குல்லாவும் மாஸ்க்குமா இருந்தாரு, கொரல வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். செக்கிங்குன்னு எல்லாரையும் மூஞ்சித்துணிய எடுக்கச் சொன்னாரு. செல்லப் பாத்துப் பாத்துக் காளீஸ்வரிய எறக்கிட்டாரு. அவ பேரு தப்பாப் பதிஞ்சிருக்காம், ஆபீசுல வந்து கையெழுத்துப் போடணுமாம். அவ மாட்டேன்னு அழுதா. நாந்தான், பெரிய மனுஷரு கூப்புடுறாரு, போ ஆத்தான்னு அனுப்பி வெச்சேன்."

"எந்தப் பக்கம் போனாரு?"

"மேலதான்."

ரேணுகா பல்லைக் கடித்தாள். "உச்சில கேரளா செக்போஸ்ட்டு. அங்க கேமரா இருக்கு. கேமராவ வெச்சே பொழைக்கிறவன் கேமரா முன்னாடி அவளக் கூட்டிட்டுப் போக மாட்டான். நடுவுல வண்டி ஒதுங்குற எடம் எதுண்ணே?"

தவசி கியரைத் தள்ளினான். பதின்மூன்றாவது வளைவுக்கு மேலே பழைய உர ஷெட்டுக்கு ஒரு மண்பாதை பிரிகிறது. அதைத் தாண்டினால் பள்ளம்தான்.

பாதையில் ஈரமான டயர்த்தடம் இருந்தது. ஷெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு அலறல். தவசி வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டான்.

மகாராஜன் காளீஸ்வரியின் கூந்தலைக் கையில் சுற்றிப் பள்ளத்தின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, முழங்கால் வரை சேறு, வலது கையில் அரிவாள். மாஸ்க் கழன்று கழுத்தில் தொங்கியது. அவள் முகமெல்லாம் ரத்தம். இரண்டு கையாலும் தரையில் இருந்த வேரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"விட்ரா அவள!"

திரும்பிய வேகத்தில் அவர் அரிவாளை வீசினார். தவசி கையை நீட்டித் தடுத்தான். இடது கையில் சில்லென்று ஏதோ பட்டது. இரண்டு விரல்கள் புல்லில் விழுந்ததை அவன் கண்ணால் பார்த்தான். வலி வருவதற்குள் தலையால் அவர் வயிற்றில் முட்டினான். இருவரும் உருண்டார்கள். மகாராஜன் மேலே வந்தார். அரிவாள் மறுபடி உயர்ந்தது.

கீழே கிடந்த காளீஸ்வரி எழுந்து அவர் முதுகில் தாவினாள். அவர் காதைப் பல்லால் கவ்வித் தலையை உதறினாள். மகாராஜன் ஊளையிட்டார். அதே நேரம் ரேணுகாவின் கையில் இருந்த ஜாக்கி லீவர் அவர் முழங்காலில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் தவசிக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது அடி மணிக்கட்டில் விழுந்தது. அரிவாள் பள்ளத்துக்குள் போனது.

காளீஸ்வரி நிறுத்தவில்லை. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, ஒரு கல்லை எடுத்து அவர் முகத்தில் அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பல் தெறித்தது.

"போதும் காளீஸ்வரி!" ரேணுகா அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள்.

"மாயக்காவுக்குப் பதினோரு வெட்டு. நான் மூணுதானேக்கா போட்டேன்!"

தவசி துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஷெட் சுவரில் சாய்ந்தான். துண்டு சிவந்து சொட்டியது. "மேடம், ரெண்டு வெரலு குறைஞ்சிருச்சு," என்றான். "நல்லவேள, அந்த மெஷின் மூஞ்சியத்தான் பாக்கும், வெரல எண்ணாது." சிரிக்கப் பார்த்தான், வாந்திதான் வந்தது.

காளீஸ்வரி அவன் அருகில் வந்து உட்கார்ந்து, தன் தலைத்துணியைக் கிழித்து அவன் கையில் இறுக்கிக் கட்டினாள்.

"பேரத் திருத்தச் சொன்னது நாந்தான் தாயி," என்றான் தவசி. அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "நான் அதச் செய்யாம இருந்தா அவனுக்கு ஒன்னத் தெரிஞ்சிருக்காது."

அவள் முடிச்சுப் போட்டு முடித்தாள். "நீங்க திருத்தாம இருந்தா அடுத்து எவளையாச்சும் வெட்டிருப்பாண்ணே," என்றாள்.

அமுதவள்ளி நாலு போலீஸோடு வந்து சேர்ந்தபோது மகாராஜன் வாயில் ரத்தம் கொப்பளிக்க முனகிக்கொண்டிருந்தார். விலங்கு மாட்டி ஜீப்பில் தூக்கிப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்தாள்.

"கடத்தல், கொலை முயற்சி ரெண்டும் நிக்கும். ராம்பிரசாத் கேசுக்குத்தான் சாட்சி வேணும். குரல் பதிவு அனுப்புனது யாரு ரேணுகா?"

"சொல்ல மாட்டேன் மேடம். வாக்குக் குடுத்திருக்கேன்."

"இவன் காசு இருக்குறவன். சாட்சி இல்லேன்னா அந்தக் கொலைலருந்து சுத்தமா வெளிய வந்துருவான். நாளைக்கு இன்னொருத்தர் சாவாங்க. ஒன் வாக்குதான் பெருசா?"

"பேரு தேவையில்லன்னு போர்டு வெச்சுட்டு, அந்தப் பேர வெச்சே வெட்ட வந்தாங்க. இனிமே எவ வாயத் தெறப்பா? அதுவும் பெருசுதான் மேடம்."

இரண்டு பேர் சொல்வதும் தவசிக்குச் சரியாகத்தான் பட்டது. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

ஏட்டய்யாவின் வயர்லெஸ் கரகரத்தது. அவர் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "அம்மா, ஆஸ்பத்திரிலருந்து தகவல். அந்த மாயக்காள் போயிருச்சாம். மூணு மணிக்கு."

 காளீஸ்வரி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தவசிக்கு அந்தக் காப்பித்தண்ணி அதட்டல் காதில் கேட்டது. வாய்விட்டு அழுதான்.

அமுதவள்ளி ரேணுகாவிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "அப்ப ஒண்ணு செய்யிறேன். தகவல் குடுத்தது மாயக்காள்னே எழுதிக்கிறேன். செத்தவள இனி எவனும் மெரட்ட முடியாது. இந்தப் பொண்ணு பேரு ராம்பிரசாத் கேசுல எங்கயும் வராது. கேசு கொஞ்சம் நொண்டும், பரவால்ல. சரின்னு மட்டும் சொல்லு."

ரேணுகா காளீஸ்வரியைப் பார்த்தாள். "ஒன் விருப்பம்தான்மா. இது நல்ல வழிதான்."

காளீஸ்வரி எழுந்தாள்.  ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கிடந்த மகாராஜனை ஒருதரம் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றாள்.

"அவ எனக்குப் பதிலாப் போனது போதும்மா," என்றாள். "எழுதுங்க. காளீஸ்வரி, சிலமலை. இந்தாளு ராம்பிரசாத் சாரத் தள்ளிவிட்டதப் பாத்தது நான். மாயக்கா இல்ல."